குருதிப்பெருக்குக் காய்ச்சலும் பாதியில் கைவிடப்படும் மருந்துகளும்

2024 ஒக்டோபர் முற்பகுதியில் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம் சிறியதோர் அறிவித்தலை வெளியிட்டது. டெங்கு வைரசுக்கு எதிராகத் தான் பரிசோதித்துவந்த மொஸ்னொடென்விர் என்ற மாத்திரையின் கள ஆய்வை நிறுத்திவிடுவதாகவும், தொற்றுநோய்கள் தொடர்பிலான ஆராய்ச்சி முன்னுரிமைகளை மீளமைக்கும் நடவடிக்கையின் ஓர் அங்கமே இது என்றும், மருந்தின் பாதுகாப்புத் தொடர்பில் எந்தப் பிரச்சினையும் எழவில்லை என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. ஐந்து மாதங்கள் கழித்து, 2025 மார்ச்சில், அமெரிக்க அரசாங்கம் இன்னொரு முடிவை எடுத்தது. பெருந்தொற்றாக மாறக்கூடிய வைரஸ்களுக்கு மருந்து தேடுவதற்கென 2022 மே மாதத்தில் 57 கோடியே 70 இலட்சம் டொலர் ஒதுக்கீட்டுடன் அமைக்கப்பட்ட ஒன்பது ஆராய்ச்சி நிலையங்களுக்கான நிதி நிறுத்தப்பட்டது. அந்த நிலையங்களின் பட்டியலில் எபோலாவின் குடும்பமும் இருந்தது, டெங்குவின் குடும்பமும் இருந்தது. கொவிட் முடிந்துவிட்டது என்பதே சொல்லப்பட்ட காரணம்.

முதலாவது தனியார் நிறுவனமொன்றின் முடிவு. மற்றையது வல்லரசொன்றின் முடிவு. ஆராய்ச்சி தோற்றுப்போய்விட்டது என்று இரு தரப்பிலும் எவரும் கூறவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. கொடிய குருதிப்பெருக்குக் காய்ச்சல்களுக்கு மருந்து இல்லை என்ற வசனத்தை நாம் அரை நூற்றாண்டாகச் செய்தித்தாள்களில் அச்சிட்டு வருகிறோம். அது முற்றிலும் பொய்யல்ல. ஆனால், இன்று அதைச் சொல்லும்போது ஏன் இல்லை என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்கவேண்டிய நிலை வந்துவிட்டது.

கலைப்பட்டதாரியான இந்தக் கட்டுரையாளன் வைரஸ்களைப் பற்றி விஞ்ஞானிபோல் எழுத முற்படுவது முறையல்ல. ஆயினும் பின்வரும் விடயங்களை விளங்கிக்கொள்வதற்குச் சில அடிப்படைகள் அவசியம். குருதிப்பெருக்குக் காய்ச்சல் என்பது ஒரு நோயின் பெயரன்று. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த வைரஸ்கள் குருதிக் கலன்களையும் குருதி உறையும் ஒழுங்கையும் குலைத்து, உடலை அதிர்ச்சி நிலைக்குக் கொண்டுசெல்லும்போது அதற்கு இந்தப் பொதுப்பெயர் வழங்கப்படுகிறது. எபோலா, மார்பர்க் ஆகியவை ஒரு குடும்பம். மேற்கு ஆபிரிக்காவின் லாசாவும் ஆர்ஜென்டீனாவின் ஜுனினும் இன்னொரு குடும்பம். டெங்குவும் மஞ்சட் காய்ச்சலும் மூன்றாவது குடும்பம். உண்மையில் குருதி வெளியேறுவது பல நோயாளிகளில் காணப்படுவதேயில்லை. பெயர்தான் பயங்கரமானது; ஆளைக் கொல்வது பெரும்பாலும் திரவ இழப்பும் உறுப்புக்களின் செயலிழப்புமே.

இவற்றுக்கு மருந்து காண்பது கடினமானது என்பதையும் மறுக்கமுடியாது. பக்டீரியா தனித்து வாழும் உயிர் என்பதால் அதற்கே உரிய பாகங்களைத் தாக்கும் மருந்துகளை உருவாக்கலாம். வைரசோ எமது கலங்களுக்குள் நுழைந்து எமது பொறிகளையே இயக்குகிறது. எபோலாவிடம் சொந்தமாக இருப்பவை ஏழு மரபணுக்கள் மாத்திரமே. லாசாவிடம் நான்கு. ஆக, குறிவைப்பதற்கு அதிக இடமில்லை. ஒன்றில், வைரஸ் தன்னைப் படியெடுக்கப் பயன்படுத்தும் நொதியத்தை ஏமாற்றவேண்டும். அல்லது, அது கலத்துக்குள் நுழைவதற்குப் பயன்படுத்தும் மேற்பரப்புப் புரதத்தைப் பிறபொருளெதிரியினால் அடைக்கவேண்டும். எபோலா போன்றவற்றை அதியுயர் பாதுகாப்பு ஆய்வுகூடங்களில் மாத்திரமே கையாளமுடியும். அத்தகைய ஆய்வுகூடங்கள் உலகில் சில டசின்களே உள்ளன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எபோலா எப்போது, எங்கே வெடிக்கும் என்று எவருக்கும் தெரியாது. வெடித்தபின் பரிசோதனையை ஒழுங்குசெய்து முடிப்பதற்குள் நோய் ஓய்ந்துவிடும். 2014 - 2016 மேற்கு ஆபிரிக்கப் பேரிடரில் 28,600 க்கும் அதிகமானோர் நோயுற்று, 11,300 க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்தக் காலகட்டத்தில் சீமப் என்ற பிறபொருளெதிரிக் கலவையை முறையான பரிசோதனைக்கு உட்படுத்தியபோது சேர்க்கக்கூடியதாக இருந்தது 72 பேரை மாத்திரமே. மருந்து பெற்றவர்களில் 22 சதவீதமானோரும் பெறாதவர்களில் 37 சதவீதமானோரும் இறந்தனர். பயன் இருப்பதுபோலத் தோன்றியது. ஆனால், அதை உறுதியாகக் கூறுவதற்கு அந்த எண்ணிக்கை போதவில்லை.

இந்தச் சீமப் மருந்துடன் சம்பந்தப்பட்ட ஒரு மரணத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். சியாரா லியோனின் கெனமா அரசாங்க மருத்துவமனையில் லாசா காய்ச்சல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் டாக்டர் ஷேக் உமர் கான். அவருக்கு முன்னர் அந்தப் பதவியில் இருந்த டாக்டர் அனிரு கொன்ரே ஊசி குத்தியதால் லாசா தொற்றி 2004 இல் இறந்துபோனவர். அப்படியொரு கதிரையில் விரும்பி வந்து அமர்ந்தவர் கான். 2014 இல் எபோலா அந்த நாட்டுக்குள் நுழைந்தபோது கெனமாதான் முன்னரங்கு. தாதியர்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். ஜூலையில் கானும் நோயுற்று, கைலாஹூனில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

அந்த நிலையத்தின் குளிரூட்டியில் சீமப் இருந்தது. அதுவரை எந்த மனிதருக்கும் கொடுக்கப்படாத மருந்து. அதைக் கானுக்குக் கொடுப்பதா, இல்லையா என்று மருத்துவர்கள் விவாதித்தார்கள். கொடுத்தபின் அவர் இறந்தால், வெளிநாட்டவர்கள் தங்கள் மருத்துவரைக் கொன்றுவிட்டார்கள் என்று மக்கள் நம்புவார்கள். பிறகு எவரும் சிகிச்சை நிலையத்தை எட்டியும் பாரார் என்ற அச்சம் ஒருபுறம். ஏனைய நோயாளிகளுக்கு இல்லாததை ஒருவருக்கு மட்டும் கொடுப்பதா என்ற கேள்வி இன்னொருபுறம். கொடுப்பதில்லை என்று முடிவு செய்யப்பட்டது. அந்த மருந்து அங்கு இருந்தது என்பது கூடக் கானுக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஜூலை 29 இல் அவர் இறந்தார். வயது 39. ஏறத்தாழ அதே நாட்களில் அயல்நாடான லைபீரியாவில் நோயுற்ற இரண்டு அமெரிக்க மருத்துவப் பணியாளர்களுக்குச் சீமப் கொடுக்கப்பட்டது. இருவரும் பிழைத்துக்கொண்டனர்.

மருந்து கொடுக்கப்பட்டிருந்தால் கான் பிழைத்திருப்பாரா என்று கூறமுடியாது. அதே மருந்தைப் பெற்ற ஸ்பானியப் பாதிரியார் ஒருவரும் லைபீரிய மருத்துவர் ஒருவரும் அடுத்த மாதம் இறந்தார்கள். முடிவெடுத்த மருத்துவர்களை வில்லன்களாகச் சித்திரிப்பதும் நியாயமல்ல. அவர்களும் அதே நோயின் நடுவில் தங்கள் உயிரைப் பணயம் வைத்து நின்றவர்கள். ஆனால், வைரஸ் நோய்களைத் தனது வாழ்நாள் வேலையாகக் கொண்டிருந்த ஒரு மருத்துவரிடம், இப்படியொரு மருந்து இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது, உமது விருப்பம் என்ன என்று கேட்காமல் விட்டது ஏன் என்ற கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் இன்றுவரை கிடைக்கவில்லை. அமெரிக்கர்கள் இருவரும் விமானத்தில் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டதை உலகத் தொலைக்காட்சிகள் காட்டின. எமது பத்திரிகைகளின் வெளிநாட்டுச் செய்திப் பக்கங்களிலும் அதுவே தலைப்பாக வந்தது. கானின் மரணம் ஒரு பத்தியில் முடிந்துபோனது.

இன்னொரு கதை இதைவிட நீளமானது. 1976 இல் அன்றைய சயீரின் யம்புக்கு கிராமத்தில் இனந்தெரியாத காய்ச்சல் பரவியபோது அங்கு முதலில் சென்ற விஞ்ஞானி ஜோன் ஜாக் முயெம்பே. கையுறை இல்லாமலேயே நோயாளிகளின் குருதியை எடுத்தவர். அங்கு நோயுற்ற 318 பேரில் 280 பேர் இறந்தனர். முயெம்பே தலைநகருக்கு அழைத்துவந்த பெல்ஜியக் கன்னியாஸ்திரி ஒருவரின் குருதி வெந்நீர்ப் போத்தல் ஒன்றில் அன்ட்வர்ப் நகருக்குச் சென்றது. வைரஸ் அங்கு கண்டறியப்பட்டது. கண்டுபிடிப்பின் புகழும் அங்கேயே தங்கிவிட்டது. பல்லாண்டுகளாக நூல்களில் முயெம்பேயின் பெயர் அடிக்குறிப்பாகவே இருந்தது.

1995 இல் அதே நாட்டின் கிக்விட் நகரில் எபோலா மீண்டும் வந்தது. 315 பேருக்குத் தொற்று, அவர்களில் ஏறத்தாழ 250 பேர் மரணம். கையில் எந்த மருந்தும் இல்லாத நிலையில் முயெம்பேயும் அவருடைய சகாக்களும் எளியதொரு முயற்சியில் இறங்கினர். நோயிலிருந்து மீண்டவர்களின் குருதியை எடுத்து எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். ஏழு பேர் பிழைத்தார்கள். மேலைநாட்டு நிபுணர்கள் இதை ஏற்கவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லை, அந்த நோயாளிகள் எப்படியும் பிழைக்கும் கட்டத்தை எட்டியிருக்கலாம் என்றார்கள். விஞ்ஞான ரீதியில் அந்த ஆட்சேபம் சரியானதே. ஆனால், அதைச் சரியான முறையில் பரிசோதித்துப் பார்ப்போம் என்று உடனடியாக எவரும் முன்வரவுமில்லை.

கிக்விட்டில் உயிர்தப்பிய ஒருவர் நோய் மாறிப் பதினொரு ஆண்டுகள் கழித்து, 2006 இல், தனது குருதியை ஆய்வுக்கு வழங்கினார். அவருடைய உடல் எபோலாவை அப்போதும் மறக்கவில்லை. அந்தக் குருதியில் இருந்த கலங்களிலிருந்து அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகங்களின் விஞ்ஞானிகளும் சுவிட்சர்லாந்தின் ஆய்வாளர்களும் ஒரு பிறபொருளெதிரியைப் பிரித்தெடுத்தனர். எம்.ஏ.பி. 114 என்று இலக்கமிடப்பட்ட அது, குரங்குகளை எபோலா மரணத்திலிருந்து காப்பாற்றுவதாக 2016 இல் அறிவிக்கப்பட்டது. இன்று அதன் பெயர் அன்சுவிமப்.

2018 இல் கிழக்குக் கொங்கோவில் பெரும் எபோலாப் பரவல் தொடங்கியது. அது ஒரு யுத்த பூமி. ஆயுதக் குழுக்கள், இடம்பெயர்ந்த மக்கள், அரசாங்கத்தின்மீதும் வெள்ளை வாகனங்களில் வருவோர்மீதும் ஆழமான அவநம்பிக்கை. இலங்கையின் வடக்கு, கிழக்கில் வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சூழலை அதிகம் விளக்கவேண்டியதில்லை. சிகிச்சை நிலையங்கள் தீயிடப்பட்டன. 2019 ஏப்ரலில் புட்டெம்போ நகர மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். இந்தச் சூழலில்தான் உயிரை ஒன்றுசேர்ந்து காப்போம் என்று பொருள்படும் சுவாஹிலிப் பெயருடன் நான்கு மருந்துகளை ஒப்பிடும் பரிசோதனை நடத்தப்பட்டது. 681 நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டனர். 28 நாட்களுக்குள், சீமப் பெற்றவர்களில் 49.7 சதவீதமானோரும் ரெம்டெசிவிர் பெற்றவர்களில் 53.1 சதவீதமானோரும் இறந்தனர். கிக்விட் குருதியிலிருந்து வந்த மருந்தைப் பெற்றவர்களில் இறந்தோர் 35.1 சதவீதம். ரெஜெனரோன் நிறுவனத்தின் மூன்று பிறபொருளெதிரிகள் அடங்கிய கலவையைப் பெற்றவர்களில் 33.5 சதவீதம். குருதியில் வைரஸ் குறைவாக இருந்தபோதே வந்துசேர்ந்தவர்களில், இந்த இரண்டு மருந்துகளும் மரணத்தைப் பத்தில் ஒன்றளவுக்குக் குறைத்தன. 2019 ஓகஸ்டில் பரிசோதனை முன்கூட்டியே நிறுத்தப்பட்டு, எல்லா நோயாளிகளுக்கும் இவ்விரு மருந்துகளுமே கொடுக்கப்பட்டன. எபோலாவை இனி மாற்றமுடியாத நோயென்று சொல்லவேண்டியதில்லை என முயெம்பே அறிவித்தார். யம்புக்குவிலிருந்து அந்த நாள்வரை 43 ஆண்டுகள்.

தோற்றுப்போன ரெம்டெசிவிரின் கதையையும் இடையில் கூறிவிடலாம். எபோலா பீடித்த குரங்குகள் அனைத்தையும் அது காப்பாற்றியது என்று 2016 இல் பெரும் நம்பிக்கையுடன் எழுதப்பட்டது. மனிதரில் அது பலிக்கவில்லை. குரங்குகளுக்குத் தொற்றிய மூன்றாம் நாளில் மருந்து கொடுக்கலாம். கொங்கோவின் கிராமத்தவர் மருத்துவமனைக்கு வந்துசேரும்போது காய்ச்சல் தொடங்கியே பல நாட்களாகியிருக்கும். பின்னர் கொவிட் வந்தபோது அதே ரெம்டெசிவிர் அதன் உரிமையாளரான கிலியட் நிறுவனத்துக்கு 2020 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 280 கோடி டொலர் விற்பனையை ஈட்டிக் கொடுத்தது. கொவிட் மரணங்களை அது எந்தளவுக்குக் குறைத்தது என்பது அப்போதே சர்ச்சைக்குரியதாக இருந்தது. நோயாளி எந்த நாட்டவர் என்பதைப் பொறுத்தே மருந்தின் சந்தைப் பெறுமதி அமைகிறது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.

மீண்டும் எபோலாவுக்கு வருவோம். இரு மருந்துகளுக்கும் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020 இறுதியில் அங்கீகாரம் வழங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2022 ஓகஸ்டில் இரண்டையும் வலுவாகப் பரிந்துரைத்தது. அதன் பிறகு நடந்திருக்கவேண்டியது எளிமையானது: கொங்கோவிலும் கினியிலும் உகண்டாவிலும் மருந்துப் பெட்டிகள் தயாராக இருந்திருக்கவேண்டும். நடந்தது வேறு. 2020 க்குப் பின்னரான நோய்ப் பரவல்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நோயாளிகளுக்கே இம்மருந்துகள் கிடைத்தன என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2023 இல் சுட்டிக்காட்டியது. உற்பத்தியில் பெரும்பகுதி அமெரிக்காவின் உயிரியல் தாக்குதல் தற்காப்புக் கையிருப்பில் இருந்தது. எவராவது ஒரு பயங்கரவாதி என்றோ ஒருநாள் எபோலாவை நியூயோர்க்கில் தூவக்கூடும் என்ற கற்பனைக்காக, கிக்விட்வாசி ஒருவரின் குருதியிலிருந்து பிறந்த மருந்து அவருடைய அயலவர்களுக்குக் கிடைக்காமல் களஞ்சியத்தில் காத்திருந்தது. இதை அநியாயம் என்று சொல்ல ஒருவர் இடதுசாரியாக இருக்கவேண்டிய அவசியமில்லை.

இந்த இரு மருந்துகளும் எபோலாவின் சயீர் வகைக்கு மாத்திரமே பயன்படுவன. 2022 இல் உகண்டாவில் சூடான் வகை வைரஸ் பரவி, உறுதிசெய்யப்பட்ட 142 நோயாளிகளில் 55 பேர் இறந்தபோது அங்கீகரிக்கப்பட்ட மருந்தென்று ஒன்றும் இருக்கவில்லை. 2025 ஜனவரியில் கம்பாலாவில் தாதி ஒருவர் அதே வைரசினால் இறந்தபோதும் நிலைமை மாறியிருக்கவில்லை.

இப்படித்தான் நடக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்பதற்கு ஆர்ஜென்டீனா சாட்சி. அந்த நாட்டின் பம்பாஸ் சமவெளியில் சோள அறுவடைக்குச் செல்லும் தொழிலாளர்களை ஜுனின் என்ற வைரஸ் ஆண்டுதோறும் பீடித்தது. வயல் எலிகளிடமிருந்து பரவும் அந்த வைரஸ் 1958 இல் கண்டறியப்பட்டது. எந்தப் பன்னாட்டுக் கம்பனியும் அந்த விவசாயக் கூலிகளுக்காக மருந்து தேடப் போவதில்லை. பெர்காமினோ நகரில் பணிபுரிந்த ஹூலியோ மைஸ்டெகி என்ற மருத்துவரும் அவரது சகாக்களும், மீண்டவர்களின் குருதிப் பிளாஸ்மாவை முறையான ஒப்பீட்டுப் பரிசோதனைக்கு உட்படுத்தினர். 1979 இல் முடிவு வெளியானது. சாதாரண பிளாஸ்மா பெற்றவர்களில் 16.5 சதவீதமானோர் இறந்தனர். மீண்டவர்களின் பிளாஸ்மாவை முதல் எட்டு நாட்களுக்குள் பெற்றவர்களில் இறந்தோர் 1.1 சதவீதம். கிக்விட்டில் எட்டுப்பேருடன் நின்றுபோன யோசனையை அவர்கள் 16 ஆண்டுகளுக்கு முன்னரே நிரூபித்திருந்தார்கள். பின்னர் தடுப்பூசியையும் உருவாக்கி, இன்று அதைத் தங்கள் நாட்டு அரசாங்க நிறுவனத்திலேயே தயாரிக்கிறார்கள். எங்கள் நோய், எங்கள் குருதி, எங்கள் ஆய்வுகூடம் என்று ஒரு நடுத்தர நாடு தீர்மானித்ததன் விளைவு அது.

லாசாவின் நிலை இதற்கு நேர்மாறு. 1969 இல் நைஜீரியாவில் இனங்காணப்பட்ட நோய். ரிபாவிரின் என்ற மருந்தை முதல் ஆறு நாட்களுக்குள் கொடுத்தால் கடுமையான நோயாளிகளின் மரண வீதம் 55 இலிருந்து 5 சதவீதமாகக் குறைகிறது என்று சியாரா லியோனில் நடந்த ஆய்வொன்று 1986 இல் கூறியது. அந்த 55 சதவீதம் 60 பேர் கொண்ட குழுவிலும் 5 சதவீதம் 20 பேர் கொண்ட குழுவிலும் பெறப்பட்டவை. நோயாளிகளைச் சீட்டுக்குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுமல்ல. அதன் புள்ளிவிபரங்களை மீளாராய்ந்தவர்கள் அண்மைய ஆண்டுகளில் பலத்த சந்தேகங்களை எழுப்பியிருக்கிறார்கள். ஆனாலும் நான்கு தசாப்தங்களாக மேற்கு ஆபிரிக்க மருத்துவர்கள் அந்த மருந்தையே ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு இலட்சம் தொடக்கம் மூன்று இலட்சம் பேர்வரை தொற்றுவதாக மதிப்பிடப்படும் ஒரு நோய்க்கு இருக்கும் ஒரே மருந்து உண்மையில் வேலை செய்கிறதா என்று ஐயமறப் பரிசோதிக்க இவ்வளவு காலம் எடுப்பதை எந்தப் பணக்கார நாடாவது தனது குடிமக்களின் விடயத்தில் பொறுத்துக்கொள்ளுமா?

இனி எமது வீட்டுக்கு வருவோம். ஆபிரிக்கக் காடுகளைப் பற்றி எழுதினால் எமக்கு என்ன என்று கேட்கும் வாசகருக்கு, டெங்குவும் இதே பட்டியலில்தான் இருக்கிறது என்பதை நினைவூட்டவேண்டும். 2017 இல் இலங்கையில் 186,101 பேர் டெங்குவினால் பீடிக்கப்பட்டு, 440 பேர் இறந்தார்கள். மருத்துவமனை விறாந்தைகளில் பாய்விரித்துக் கிடந்த நோயாளிகளை அந்த வருடம் கண்டவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மாரி மழை ஓய்ந்ததும் யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு ஆண்டும் அதே பயம். கொழும்புக்குச் சென்று திரும்பும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத தாய் அங்கு இல்லை. குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையை உறவினர்கள் கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கைபோல் தொலைபேசியில் பரிமாறிக்கொள்வார்கள். பப்பாசி இலைச்சாறு, தமிழகத்தில் நிலவேம்புக் கசாயம் என்று கேள்விப்பட்டதையெல்லாம் கொடுத்துப் பார்ப்பார்கள். அவர்களைக் கேலி செய்வது சுலபம். மருந்தென்று ஒன்றும் இல்லாத இடத்தில் மக்கள் வேறு எதைச் செய்வார்கள்?

இலங்கையின் அனுபவத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மருந்துக்காக வாதாடுவது நேர்மையாகாது. 2009 இல் ஏறத்தாழ 35,000 நோயாளிகளில் 346 பேர் இறந்தார்கள். அதாவது நூற்றுக்கு ஒருவர். 2017 இல் அது நானூறுக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தது. இடையில் எந்தப் புது மருந்தும் வரவில்லை. எவ்வளவு திரவம், எந்த மணித்தியாலத்தில், எப்போது நிறுத்துவது என்ற ஒழுங்கை மருத்துவர்களும் தாதியரும் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். எபோலாவிலும் இதே பாடம் உண்டு. 2014 - 2015 இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிகிச்சை பெற்ற 27 நோயாளிகளில் ஐந்து பேரே இறந்தனர். அவர்களில் பலருக்குப் பரிசோதனை மருந்துகளும் கொடுக்கப்பட்டன என்றாலும், தீவிர சிகிச்சையின் பங்கே பெரியது என்பது பல நிபுணர்களின் கருத்து. ருவாண்டாவில் 2024 இல் மார்பர்க் பரவியபோது 66 பேர் நோயுற்று 15 பேர் மாத்திரம் இறந்ததற்கும் செயற்கைச் சுவாசம் உட்பட்ட உயர்தரப் பராமரிப்பும், விரைந்து தருவிக்கப்பட்ட மருந்துகளும் சேர்ந்தே காரணம்.

ஆகவே நல்ல பராமரிப்பு இருந்தால் மருந்து தேவையில்லை என்று சிலர் வாதிடக்கூடும். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. 186,000 பேரை மணிக்கு மணி கண்காணிக்க எந்த வறிய நாட்டினாலும் நெடுங்காலம் முடியாது. காய்ச்சல் தொடங்கிய அன்றே, அல்லது வீட்டில் ஒருவருக்கு வந்ததும் மற்றவர்கள், விழுங்கக்கூடிய மாத்திரை ஒன்று இருந்தால் விறாந்தைப் பாய்களின் எண்ணிக்கையே குறையும்.

மொஸ்னொடென்விர் அத்தகைய மாத்திரையாக வரக்கூடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகமும் ஜோன்சன் நிறுவனமும் இணைந்து பல்லாண்டு உழைப்பில் கண்டறிந்த சேர்மங்களின் வழிவந்தது அது. டெங்கு வைரசின் இரு புரதங்கள் ஒன்றோடொன்று இணைவதைத் தடுத்து, வைரஸ் தன்னைப் படியெடுப்பதை நிறுத்துவது அதன் உத்தி. நான்கு வகை டெங்குவுக்கும் எதிராக ஆய்வுகூடத்தில் அது செயற்பட்டது. வலுக்குறைக்கப்பட்ட டெங்கு வைரசைத் தாமாக ஏற்றுக்கொண்ட தொண்டர்களில் நடத்திய பரிசோதனையில், கூடிய அளவு மருந்து பெற்ற பத்துப்பேரில் ஆறு பேரின் குருதியில் வைரஸ் தென்படவே இல்லை என்று 2023 ஒக்டோபரில் சிக்காகோவில் நடந்த மருத்துவ மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. சரியாக ஒரு வருடத்தில் முன்னுரிமை மாறிவிட்டது. அந்த 2024 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஒரு கோடியே 40 இலட்சத்துக்கும் அதிகமான டெங்கு நோயாளிகள் பதிவாகினர் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

கம்பனிகளைத் திட்டி இத்தகைய கட்டுரைகளை முடிப்பது வழமை. இலாபம் இல்லாத இடத்தில் கம்பனி நிற்காது என்பது அதன் இயல்பு. அதைக் குற்றஞ்சாட்டிப் பயனில்லை. 2007 இல் அமெரிக்கா ஓர் உபாயத்தைக் கொண்டுவந்தது. புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோயொன்றுக்கு மருந்து கண்டுபிடிக்கும் நிறுவனத்துக்கு, தனது வேறொரு மருந்தை விரைவாகப் பரிசீலிக்கச் செய்யும் சீட்டு ஒன்று பரிசாகக் கிடைக்கும். அந்தச் சீட்டை விற்கவும் முடியும். பல கோடி டொலர்களுக்கு அவை கைமாறியும் இருக்கின்றன. ஆனால், அங்கீகாரம் பெற்றால் போதும். மருந்து நோயாளியைப் போய்ச் சேர்ந்ததா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியைச் சட்டத்தில் சேர்க்கமுடியாதா?

அதைவிட முக்கியமானது, டெங்குவினால் அதிகம் பாதிக்கப்படும் நாடுகள் என்ன செய்கின்றன என்பது. இந்தியாவிடம் உலகுக்கே மருந்து தயாரித்துக் கொடுக்கும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பிரேசிலிடம் அரசாங்க ஆராய்ச்சி நிறுவகங்கள் இருக்கின்றன. இலங்கையிடமும் தாய்லாந்திடமும் டெங்கு நோயாளியைப் பராமரிப்பதில் பல தசாப்த அனுபவமும் பரிசோதனையை நடத்தக்கூடிய மருத்துவமனைகளும் இருக்கின்றன. பாதுகாப்புப் பிரச்சினை எதுவும் இல்லை என்று உரிமையாளரே அறிவித்துவிட்டு ஒதுக்கிய மாத்திரை ஒன்றை, நாங்கள் பரிசோதித்து முடிக்கிறோம், உரிமத்தைத் தாருங்கள் என்று இந்த நாடுகள் கூட்டாகக் கேட்பதற்கு எது தடை? தெற்காசிய நாடுகளின் சுகாதார அமைச்சர்கள் கூடும்போதெல்லாம் டெங்கு ஒழிப்புக்கு ஒத்துழைப்போம் என்ற வாசகம் கூட்டறிக்கையில் தவறாமல் இடம்பெறுகிறது. நுளம்பு வலையும் புகையடிப்பதும்தான் அந்த ஒத்துழைப்பின் எல்லை.

சூடான் வகை எபோலாவுக்கும் மார்பர்க்கிற்கும் எதிரான மாத்திரையாக ஒபெல்டெசிவிர் என்ற மருந்து இப்போது பேசப்படுகிறது. ரெம்டெசிவிரின் உறவுக்கார மருந்து அது. சூடான் வைரஸ் செலுத்தப்பட்ட குரங்குகளுக்கு 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கி பத்து நாட்கள் கொடுத்தபோது அவை அனைத்தும் பிழைத்ததாக 2024 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ரெம்டெசிவிர் விடயத்திலும் குரங்குகள் எல்லாம் பிழைத்தன என்பதை மேலே பார்த்தோம். இம்முறை மனிதரில் முடிவு எப்படியிருக்கும் என்பதை ஆபிரிக்காவின் அடுத்த நோய்ப் பரவலின் முதல் வாரத்தில், நோயாளியுடன் நெருங்கிப் பழகியவர்களிடம் மாத்திரை போய்ச் சேர்ந்தால்தான் அறியமுடியும். அதற்கான பெட்டிகள் அந்த வேளையில் கம்பாலாவிலும் கின்ஷாசாவிலும் இருக்குமா, அல்லது அமெரிக்கக் களஞ்சியமொன்றில் இருக்குமா என்பதை இப்போதே தீர்மானித்துக்கொண்டிருப்பவர்களிடம்தான் நாம் கேட்கவேண்டும்.